கறையான் தின்ற ருஷ்ய மொழி

ஒரு காட்டில், மேற்கு மலையின் அடிவாரத்தில், டாக்டர் சீட்டுக்கு ஏங்கிய முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. பெயர் செண்பகவல்லி. யாருக்காவது காய்ச்சல் என்றால் அது பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே போதும், ஊசி போட்ட மாதிரி ஆகிவிடும். "எம்மவ பிறவி டாக்டர்வே. மருந்து மட்டும் வாங்கினாப் போதும், ஊசி உடம்புலயே இருக்கு" என்று அதன் அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடிக்கும்.

ஆனால் உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. நாலு யானைக் குட்டிகள் சேர்ந்ததுமே கட்டடம் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் நரி ஏஜென்ட் வந்து சேர்ந்தது.

"ருஷ்யாவுல சீட் இருக்கும்மா. குளிருதான் கொஞ்சம். ஒரே ஒரு விஷயம், அங்க நோயாளிக்கு ருஷ்ய மொழி மட்டும்தான் தெரியும். கோடைக்குள்ள அதைக் கத்துக்கிட்டா சீட் உனக்கு. இல்லேன்னா, ஒரு மரநாய் கேட்டுக்கிட்டே இருக்கு."

செண்பகவல்லிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. ருஷ்ய மொழியை எங்கே போய்த் தேடுவது?

முதலில் செல்போன். அருவியில் குளிக்க வந்த மனிதர்கள் மறந்துவிட்டுப் போன ஒன்றைக் குரங்கு சுடலைமுத்து வைத்திருந்தது. அதில் மொழி கற்றுத் தரும் செயலி இருந்தது. அது சொல்லித் தந்த முதல் வாக்கியம்: "என் பெரியப்பாவின் குதிரை பலசரக்குக் கடையில் தூங்குகிறது." இரண்டாவது வாக்கியம்: "குதிரையே, எழுந்திரு, கடை மூடுகிறார்கள்." நோயாளி குதிரையோடு வந்தால்தான் இதெல்லாம் உதவும் என்று செண்பகவல்லி கவலைப்பட்டது. ஒரு நாள் போகாவிட்டால் செயலி மூக்கைச் சிந்தியது: "நேற்று நீ வரவில்லை. எங்களை மறந்துவிட்டாயா?" பெற்ற தகப்பன்கூட அதனிடம் இப்படி ஏங்கிக் கேட்டதில்லை. பேட்டரி தீர்ந்து போன் கண்ணை மூடியபோது அதற்குத் துக்கமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

அடுத்து புத்தகம். காட்டு நூலகத்தில் ருஷ்ய மொழிப் பாடநூல் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் வாழ்த்துரை, கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம். நடுவில் இருந்த மொழி முழுவதையும் கறையான் தின்றுவிட்டது. செண்பகவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதது.

"ஏன் அழுத?" என்றது சுடலைமுத்து. "கணக்குப் போடு. புத்தகத்தைக் கறையான் தின்னுச்சு. அந்தக் கறையான் புத்தை யாரு தின்னா?"

"கரடி கொம்பையா அண்ணாச்சி."

"அப்போ ருஷ்ய மொழி இப்ப எங்க இருக்கு?"

செண்பகவல்லியின் கண்ணீர் பாதியில் நின்றது. குரங்கு பேசுவதில் ஓட்டையே தெரியவில்லை. காடே திரண்டு கரடியின் குகைக்குப் போயிற்று.

கொம்பையா பதறிவிட்டது. "அடேய், எனக்கு ஆனா ஆவன்னாவே தெரியாதுடே! பசிச்சுது, தின்னேன்."

"பாத்தியளா அடக்கத்தை! நிறைகுடம் தளும்பாதும்பாங்கள்லா!" என்று கூட்டம் கைதட்டியது.

"சத்தியமாத் தெரியாது!"

"அடேயப்பா, இன்னும் அடக்கம்!"

மாலை போட்டு இலுப்பை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே முயல், மான், மரநாய், குரங்குப் பட்டாளம். முன்வரிசையில் செண்பகவல்லி. எல்லாக் கண்ணும் தன்மேல் நிற்க, கொம்பையாவின் வாயிலிருந்து உறுமல் ஒன்று வெளியே வந்தது: "ஓவ்... ஸ்கி."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பிறந்தது அந்த இலக்கணம். தண்ணீர் என்றால் தண்ணீரோவ். பசித்தால் பசிக்கிதோவ். கேள்வி கேட்க வேண்டுமா, கடைசியில் ஒரு ஸ்கி: "வலிக்கிதாவ்ஸ்கி?" ஒரே வாரத்தில் காடு முழுக்க ருஷ்ய மொழி. மான்குட்டிகள் தாயிடம் "பாலோவ், பாலோவ்" என்று அடம்பிடித்தன. ஓநாய்கூடத் துரத்துவதற்கு முன் "நில்லோவ்!" என்று நாகரிகமாகச் சொன்னது. இவ்வளவு லேசான மொழியா என்று செண்பகவல்லிக்கு உள்ளுக்குள் ஒரு முள் குத்தியது. ஆனாலும் வகுப்பில் அதுதான் முதல்.

பனிக்காலம் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்து ஊசிவால் வாத்து ஒன்று பறந்து வந்து விழுந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து ஏரி வறண்டு கிடந்தது. வாத்து நாக்கு வறள, "க்தே வதா? வதா!" என்று கத்தியது.

"வடை வேணுமாம்" என்று சுடலைமுத்து மொழிபெயர்த்தது. எங்கிருந்தோ ஒரு வடையைக் கொண்டு வந்தும் கொடுத்தது. வாத்து பசியில் அதையும் தின்றது. தின்றதும் தாகம் இரண்டு மடங்காயிற்று. கடைசியில் செண்பகவல்லிதான் புரிந்துகொண்டு சுனைக்கு அழைத்துப் போனது.

வயிறு நிறையக் குடித்ததும் வாத்து நல்ல தமிழில் பேசியது. வருஷா வருஷம் வருகிறதே! களைப்பில் மட்டும் தாய்மொழி வந்துவிடுமாம்.

"உங்க பேரு என்னக்கா?"

"வர்வாரா."

"யாரு வருவாரா?"

"நான்தான் வர்வாரா."

"நீங்கதான் வந்துட்டீங்களே!"

இது கொஞ்ச நேரம் நடந்தது. பிறகுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது, தண்ணீருக்குத் தாகத்தில் வந்த சொல் 'வதா' என்றால், தண்ணீரோவ் என்பது என்ன? இத்தனை நாள் படித்தது ருஷ்ய மொழியே இல்லை.

"அக்கா, எனக்குச் சொல்லித் தருவியளா? கோடைக்குள்ள?"

"கஷ்டம்மா. எங்க மொழியில வேற்றுமை ஆறு."

"ஆறுதானா? எங்களுக்கு எட்டு இருக்கே!"

அந்தச் சுற்றில் வாத்து தோற்றது. பிறகு, வெளிநாட்டார் யாருக்கும் நாக்கில் நிற்காத ஒரு சத்தத்தை, இ-க்கும் உ-க்கும் நடுவே இழுபடும் ஒன்றை, சொல்லிக் காட்டியது. "வாத்து-ன்னு சொல்லும்போது கடைசியில சப்பையா ஒரு உ வருதுல்லா, கிட்டத்தட்ட அதுதானே?" என்று செண்பகவல்லி கேட்டது. தன் தமிழ்ப் பெயரின் வாலிலேயே தாய்மொழி ஒட்டிக்கொண்டிருந்தது வாத்துக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"நான் டாக்டர்னு சொல்லணும்னா?"

"யா வ்ராச். யா-ன்னா நான், வ்ராச்-னா டாக்டர்."

"நடுவுல ஒண்ணும் வேண்டாமா?"

"வேண்டாம்."

"எங்க மொழி மாதிரியே!" என்று குதித்த செண்பகவல்லி, குதித்த இடத்தில் இரண்டு முள்ளை உதிர்த்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட அதை ஆட்டிவைத்தது பால் பாகுபாடுதான். ருஷ்ய மொழியில் மேசை 'அவன்', புத்தகம் 'அவள்' என்றது வாத்து. ஜன்னல் மாதிரி சிலதுதான் 'அது'. செண்பகவல்லி கணக்குப் பார்த்தது. தமிழில் தானும் தன் அப்பாவும், அப்பாவின் அப்பாவும் வெறும் 'அது'. அஃறிணை. அங்கேயோ மூன்று கால் மேசைகூட 'அவன்'!

"அக்கா, அங்க நான் யாரு?"

"அவள்தான். வேற யாரு?"

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்தது. ஆகவே இந்த இடத்திலிருந்து நானும் மாற்றிக்கொள்கிறேன். இனி செண்பகவல்லி 'அவள்'. வர்வாராவும் 'அவள்'. சுடலைமுத்து? ஒழுங்காகப் படிக்காததால் 'அது'தான்.

தினமும் பிற்பகலில் சுனையோரம் பாடம் நடந்தது. நாலாம் நாள் புதருக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கொம்பையா. "எனக்கும் சொல்லித் தாங்கம்மா. ஊரை ஏமாத்துறோமேன்னு ராத்தூக்கம் இல்லை" என்று தலை குனிந்து நின்றார். இப்படிக் கேட்டவரை 'அது' என்று எப்படிச் சொல்வது?

நேர்மையான கரடி அதோடு நிற்கவில்லை. இலுப்பை மரத்தடிக்குப் போய், "பிள்ளைகளா, இதுவரை சொன்னது அம்புட்டும் தப்பு. தண்ணிக்கு வதா" என்றார். வகுப்பே கொதித்தது.

"அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு? போன மாசம் எவ்வளவு சுத்தமா ஸ்கி போட்டாரு!"

"அந்த வாத்துகூடச் சேர்ந்து உச்சரிப்பு கெட்டுப்போச்சு."

பிரிவு உபசார விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் சுடலைமுத்து உட்கார்ந்தது. கொம்பையா பொன்னாடையோடு சுனைக்கு வந்தார். ஏழாம், எட்டாம் வேற்றுமைகள் ருஷ்ய மொழியில் இல்லை என்று கேட்டதும், இரண்டு வேலை குறைந்ததென்று சந்தோஷப்பட்டார்.

கோடையில் நரி வந்து தேர்வு வைத்தது. அதற்குச் சுனையோர ருஷ்ய மொழியும் தெரியாது, மரத்தடி ருஷ்ய மொழியும் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் சீட். குரங்குப் பட்டாளம் முதல் முயல் வரை வகுப்பு மொத்தமும் கிளம்பிற்று. விமான நிலையத்தில் செண்பகவல்லியை மட்டும் நிறுத்தி, "கூர்மையான பொருள் ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "நான்தாங்க" என்றாள் அவள். அதைத் தீர்மானிக்க மூன்று அதிகாரிகள் வர வேண்டியிருந்தது.

ருஷ்யா பனியாகக் கிடந்தது. செண்பகவல்லி விடுதிக் கதவைச் சாத்திக்கொண்டு உடற்கூறு படித்தாள். சுடலைமுத்துவின் பட்டாளம் முதல் வாரமே வாசலில் இட்லிக் கடை போட்டது. அந்தக் குளிரில் ஆவி பறக்கும் சாம்பார் வாசம்! ஊர் ஓநாய்களும் கரடிகளும் வரிசையில் நின்றன. வரிசையில் நின்றால் போதாது, சுடலைமுத்துவுக்குப் புரிகிற மாதிரி கேட்க வேண்டும். "இட்லியோவ்! சாம்பாரோவ் தாராளமாவ்ஸ்கி?" முதலில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு சாம்பாரைக் குடித்தார்கள். பிள்ளைகள் வீட்டிலும் அப்படியே பேசின. செண்பகவல்லி கடைசி ஆண்டுத் தேர்வுக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஊர் மொழியே மாறியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. சுடலைமுத்துவும் இப்போது 'அவர்'. மாணவர் சங்கத் தலைவரை வேறு எப்படிச் சொல்ல?

தேர்வில் நோயாளியாக வயிற்றுவலிக்கார மூஸ் மான் படுத்திருந்தார். பேராசிரியர் ஒரு பழுப்புக் கரடியம்மாள். செண்பகவல்லி அருகே போய், ஆறு வேற்றுமையும் அழகாக அமைய, எங்கே வலிக்கிறது என்று சுத்தமான ருஷ்ய மொழியில் கேட்டாள்.

மூஸ் மானின் முகம் வெளிறியது. "இவ்வளவு இலக்கணமா என்கிட்ட யாரும் பேசினதே இல்லையோவ்! நான் பிழைக்க மாட்டேனாவ்ஸ்கி?" என்று அலறி மயங்கிவிட்டார்.

அடுத்து வந்த சுடலைமுத்து அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, தோளைத் தட்டி, "வயிறோவ் வலிக்கிதாவ்ஸ்கி?" என்றார்.

"வலிக்கிதோவ்! வலிக்கிதோவ்!" மூஸ் மான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். சுடலைமுத்துவுக்கு முதல் மார்க்.

செண்பகவல்லி வராந்தாவில் நின்று விம்மினாள். கரடியம்மாள் வந்து மெதுவாகச் சொன்னார்: "உன் பேச்சைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா டாக்டர் பேசுறது நோயாளிக்குப் புரியணுமே. நாளைக்கு மறுதேர்வு." பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அந்த 'தாவ்ஸ்கி' எங்க போடணும், 'தோவ்' எங்க போடணும்? என் மருமகள் பேசுறது எனக்கே பிடிபடலை" என்றார்.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்தாள். முதல் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தவளுக்கா தெரியாது? சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் தானும் அப்படியே பேசித் தேறினாள்.

இப்போது டாக்டர் செண்பகவல்லிக்குக் காலையில் மருத்துவமனை, மாலையில் சொந்தப் பயிற்சி நிலையம். பலகையில் 'ருஷ்யர்களுக்கு ருஷ்ய மொழி' என்று எழுதியிருக்கிறது. திறப்பு விழா அன்று முன்வரிசையில் ஓர் ஊசிவால் வாத்து, அலகில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தது கண்டு அவள் திடுக்கிட்டாள்.

"வர்வாரா அக்கா! நீங்களா?"

"என்ன செய்ய? என் குஞ்சுகள் 'இவங்க எந்த ஊரு?'ன்னு என்னைக் கேக்குதுங்க" என்றாள் வர்வாரா. "சொல்லும்மா, முதல்ல இருந்து ஆரம்பி."

நீதி: தனியாகத் தப்பாகப் பேசினால் அது பிழை, கூட்டமாகப் பேசினால் அது இலக்கணம். ஆகவே புதிதாக மொழி கற்பவர்கள் புத்தகம் வாங்குவதை விட்டு ஆள் சேர்க்கவும்.