அறுபது பேரின் கைப்பேசி நோய்

கணினித் திரை 0.34 என்று காட்டியது. ஜெவ்தெத் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் 0.34தான்.

துறைத் தலைவி பெரிஹான் தேநீரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எவ்வளவு வேணும்?"

"0.70, ஹோஜா." துருக்கியில் ஆசிரியர்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

"எவ்வளவு வந்திருக்கு?"

ஜெவ்தெத் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சங்கடம் வந்தால் அதைப் பார்ப்பது அவர் வழக்கம். சங்கடம் வராவிட்டாலும் பார்ப்பார்.

கைப்பேசி மனிதனை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்கும் ஆங்கில வினாத்தாள் ஒன்றைத் துருக்கிய மொழிக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய ஆராய்ச்சி. இருபத்திரண்டு கேள்விகளை மொழிபெயர்க்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையை ஏற்ற ஆங்கில ஆசிரியர் மூலத்தை இணையத்தில் தேடியெடுத்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. தன் மொழித் திறமையை நினைத்து ஜெவ்தெத்துக்குப் புல்லரித்தது.

மிஞ்சியது நம்பகத்தன்மைச் சோதனை. அதே ஆட்கள் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை நிரப்ப வேண்டும், இரண்டு முறையும் பதில் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டுவதுதான் திரையில் வந்த எண், அச்சாக ஒத்தால் 1. மாணவர்கள் கூச்சமில்லாமல் எழுதட்டும் என்று புனைபெயர் வைக்கச் சொல்லியிருந்தார். முதல் தடவை 'சிங்கம்' என்று எழுதியவன் இரண்டாம் தடவை 'புலி' ஆகிவிட்டான். நாற்பத்தொரு பேர் இரண்டு தடவையும் 'சிங்கம்'.

"கோடை விடுமுறைக்குள்ள கட்டுரை வரலேன்னா இணைப் பேராசிரியர் பதவிக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன், ஜெவ்தெத். பதினோரு வருஷமா உதவிப் பேராசிரியரா இருக்கே. உனக்கே வெக்கமா இல்ல?"

வெட்கம் இருந்தது. வழிதான் இல்லை.

அடுத்த முறை சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். பெயர் போட்டதும் வகுப்பு முழுவதும் மகான்களாகிவிட்டது. கைப்பேசியா, அப்படி ஒன்று இருப்பதே வாரம் ஒரு முறைதான் நினைவுக்கு வரும் என்று எழுதினார்கள். அதையும் மேசைக்கடியில் அதே கைப்பேசியில் அடுத்தவனைக் கேட்டுத்தான் எழுதினார்கள். இரண்டாம் தடவை கேட்டது வேறொருவனை, அதனால் எண் 0.22க்கு இறங்கியது.

அதற்கும் அடுத்த முறை, நிரப்பினால் ஐந்து மதிப்பெண் என்று அறிவித்தார். நூற்றிருபது பேர் படிக்கும் வகுப்பிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று தாள்கள் வந்தன. எண்ணைப் பார்க்கவே அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"படிச்சவங்ககிட்ட போனா இப்படித்தான்" என்று பெரிஹானிடம் பொருமினார். "பொய் சொல்லத் தெரியாத ஜனங்ககிட்ட போறேன்."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் துர்முஷ் நடத்தும் தேநீர்க் கடைக்குப் போனார். ஓய்வூதியக் கிழவர்கள் அறுபது பேர் காலையிலிருந்து எண் பொறித்த கட்டைகளை வைத்து ஆடிக்கொண்டிருக்கும் இடம். மேசைகளில் கட்டைகள், தேநீர்க் குவளைகள், சிகரெட்டுப் பெட்டிகள். வேறொன்றும் இல்லை.

"ஹோஜா நம்மளைத் தேடி வந்திருக்கார்" என்று துர்முஷ் கூவினார். "கட்டையை ஓரமா வைங்கப்பா!"

ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இந்த மரியாதை பல்கலைக்கழகத்தில் ஏது? ஜெவ்தெத் தாள்களைக் கொடுத்துவிட்டு, நடுவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசிக்குள் மூழ்கினார்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஹய்ரி கையைத் தூக்கினார். "ஹோஜா, இது எங்களுக்குத்தானா?"

"ம்."

"அதில்ல ஹோஜா, எங்ககிட்ட..."

"மனசுல தோணுறதை எழுதுங்க ஐயா. தப்பு, சரி எதுவும் கிடையாது." தலை நிமிரவில்லை.

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு எழுதினார்கள்.

"சக்கரை ஒண்ணா, ரெண்டா ஹோஜா?" துர்முஷ் மூன்று முறை கேட்டார். ஜெவ்தெத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போனது. நடுவில் கைப்பேசி கை நழுவி மேசைக்கடியில் விழுந்தது. ஜெவ்தெத் முட்டி போட்டு, சிகரெட்டுத் துண்டுகளுக்கிடையே அலறியடித்துத் தேடினார். அந்த நேரத்தில் பாதிப் பேர் ஒன்பதாம் கேள்விக்கு எழுதியதை அழித்துவிட்டு மாற்றி எழுதினார்கள்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். அதே நாற்காலி, அதே குனிந்த தலை. ஹய்ரி தூண் மறைக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்தார். பாதியில் மின்கலம் தீர்ந்துவிட, "யார்கிட்டயாவது சார்ஜர் இருக்கா?" என்று ஜெவ்தெத் பதறினார். ஒருவரும் தரவில்லை. கஞ்சப் பயல்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

எண் 0.97.

"அறுபது பேரும் ஒரே ஆள் மாதிரி எழுதியிருக்காங்களே?" என்று பெரிஹான் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரே வாழ்க்கை, ஒரே நோய், ஹோஜா."

அவருக்கே அது பிடித்துப்போனது, கட்டுரையிலும் சேர்த்தார். 'இவர்கள் சுற்றியிருப்பவர்களைக் கவனிப்பதில்லை. எதிரில் பேசுபவர் குரல் இவர்கள் காதில் விழுவதில்லை. கைப்பேசி பிரிந்தால் பித்துப் பிடித்தவர்கள் ஆகிறார்கள். உடனடிச் சிகிச்சை தேவை.' அதிகம் படிக்காத அந்தக் கூட்டத்தின்மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. பெரிஹான் பூரித்துப்போய்த் துணைவேந்தரிடம் சொன்னார். துணைவேந்தர் தொலைக்காட்சிக்காரர்களிடம் சொன்னார். பதவிக் கோப்பில் கையெழுத்தாயிற்று. இனி பாக்கி, மறுநாள் காலை தேநீர்க் கடையில் கேமரா முன்னால் சிகிச்சை முகாமைத் தொடங்குவதுதான்.

அன்று மாலை ஜெவ்தெத் ஒரு தட்டு பக்லாவா இனிப்போடும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடும் கடைக்கு வந்தார்.

"துர்முஷ் அண்ணே, நாளைக்கு டிவியில வரப்போறீங்க! கேமரா ஓடும்போது எல்லாரும் வரிசையா வந்து அவங்கவங்க போனை இந்தப் பெட்டியில போடணும். அவ்வளவுதான் வேலை."

துர்முஷ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, முதல் முறையாக நிமிர்ந்திருந்த ஜெவ்தெத்தின் முகத்தைப் பார்த்தார்.

"இங்க யார்கிட்ட ஹோஜா போன் இருக்கு? தேடி வந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதேன்னு, ரெண்டு தடவையும் நாங்க அறுபது பேரும் எதிர்ல உக்காந்திருந்த உங்களைப் பார்த்துல்ல எழுதினோம்!"