நாற்காலியில் உட்கார ஒரு மாமனார்

பெரியவர் மறுபடியும் நாற்காலிக்குள் முழுகிப் போனார்.

கழுத்து வரை உள்ளே, தலை மட்டும் வெளியே. அந்த நிலைமையிலும் கம்ப்யூட்டர் திரையில் அவருடைய முகச் சுருக்கம், மூக்கோர மச்சம், காலரில் நைந்துபோன நூல் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

புவியீர்ப்பு தலையில் கை வைத்துக்கொண்டான். அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். அவர்கள் செய்யும் வீடியோ கேமில் எது விழுந்தாலும், எது உருண்டாலும், எது எதன்மேல் மோதினாலும் அவன் போட்ட கணக்குப்படிதான் நடக்கவேண்டும். மத்தியானம் அந்த கேமை வாங்கி வெளியிடப்போகிறவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் இவனும் இவன் குழுவும் நாளையிலிருந்து வீட்டில் உட்காரலாம்.

நாற்காலியைக் கெட்டியாக்கினான். பெரியவர் உட்கார்ந்த வேகத்தில் பந்து மாதிரி எகிறி மின்விசிறியில் மாட்டிக்கொண்டார். அவர் எடையைக் கூட்டினான். தரையைப் பொத்துக்கொண்டு கீழ்மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். வழுக்காமல் இருக்கப் பிடிமானத்தை ஏற்றினான். சமர்த்தாக உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஆமை மாதிரி?"

"சின்ன விஷயம் மேடம். சரியாயிடும்."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றே. வர்றவர் பொல்லாத ஆளு. பளபளன்னு படம் காட்டி ஏமாத்த முடியாது. உட்காரச் சொன்னா உட்காரணும், அவ்வளவுதான்."

கடைசியாக ஒரு மாற்றம் செய்தான். கம்ப்யூட்டர் அதை முழுங்கி ஜீரணிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியாது. கடிக்க நகமும் மிச்சமில்லை.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

திரையில் இருக்கும் பெரியவர் வேறு யாரும் அல்ல, அவனுடைய மாமனார்தான். மாடலுக்கு ஆள் கிடைக்காமல் அவரைக் கூட்டிவந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்திருக்கும் பழக்கம் வரைக்கும் படம் பிடித்திருந்தார்கள். கேமில் வரும் அறையும் அலுவலகத்தின் பக்கத்து அறைதான். அதே மேஜை, அதே நாற்காலி, அதே ஜன்னல். அசலே கைவசம் இருக்கும்போது நகலோடு எதற்கு மல்லுக்கட்டவேண்டும்?

மாமனாருக்குப் போன் போட்டான். "பொம்மை விளையாட்டெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். மகள் முகத்துக்காக வந்து சேர்ந்தார்.

"மாமா, இந்த ஸ்பீக்கர்ல நான் என்ன சொல்றேனோ அதை மட்டும் செய்ங்க. இந்தக் கேமரா உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"நான் உட்கார்றதைப் பாக்கவா ஒருத்தர் மெனக்கெட்டு வர்றாரு?"

"ஆமா மாமா."

"அப்போ நேரா இந்த ரூமுக்கே வந்து பாக்கலாமே மாப்ளே?"

கேமரா ஒயரை அடுத்த அறையின் பெரிய டிவியில் செருகினான். கேமரா ஓடும்வரை மாமனார் தெரிவார். நின்றுபோனால் டிவி தானாக கேமுக்குத் தாவிவிடும், அப்புறம் ஆமை தரிசனம்தான்.

கேமைப் பார்க்க வருகிறேன் என்றவர் ஆடி அசைந்து வெகு தாமதமாகத்தான் வந்தார். உட்கார்ந்ததும் கேமில் பெரியவரை ஆட்டிவைக்கும் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். புவியீர்ப்பு அவர் பின்னால் நின்று, கட்டைவிரலையே பார்த்தபடி, காலருக்குள் ஒளித்துவைத்த மைக்கில் முணுமுணுத்தான்.

"எழுந்திருங்க மாமா."

டிவியில் பெரியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"இடது பக்கம்... திரும்புங்க... உட்காருங்க..."

சொல்லி முடிப்பதற்குள் செய்தார். டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்றால் கூட்டிவைக்கிற மனுஷர்! புவியீர்ப்புக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் வந்தவர். "உட்கார்றப்போ சட்டை மடியுது பாருங்க. நாற்காலி லேசா அசையுது. யாரோட வேலை இது?"

மேனேஜரம்மா பெருமையோடு இவனைக் காட்டினார்.

"சபாஷ். கடைசியா ஒரு சோதனை. ஜன்னல் வழியா குதிக்கவைக்கறேன். விழறப்போதான் எல்லாரோட சாயமும் வெளுக்கும்."

அலுவலகம் இருப்பது ஐந்தாவது மாடியில்.

"சார், வேணாம் சார்."

"ஏன்?"

"அவருக்கு... வயசாயிடுச்சு சார்."

வந்தவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். டிவியில் பெரியவர் ஜன்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"மாமா, நான் சொல்லலை! உட்காருங்க மாமா!" என்று காலருக்குள் அலறினான். பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் விளிம்பில் ஏறினார்.

"சார், அது கேம் இல்லை! என் மாமனார்! நிஜமாவே பக்கத்து ரூம்ல இருக்கார்! உங்களை ஏமாத்திட்டேன் சார், விட்டுடுங்க!"

பெரியவர் குதித்தார்.

புவியீர்ப்பு விழுந்தடித்து ஓடிப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினான். விளக்கில்லை. நாற்காலி காலி. ஜன்னல் விரியத் திறந்திருக்க, திரைச்சீலை படபடத்தது. பாதி உடம்பை வெளியே நீட்டிக் கீழே பார்த்தான். கார்கள்தான் நின்றன. எந்தக் காருக்கு அந்தப் பக்கம் விழுந்தாரோ! வேலை போனால் போகட்டும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்னவென்று சொல்வது?

பின்னாலேயே ஓடிவந்த மேனேஜரம்மாவும் வந்தவரும் வாசலில் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் சேர்ந்து அழுந்தியது.

"மாப்ளே, அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கலை. நீங்க அந்தப் பக்கம் போனதுமே லைட்டு, ஏசி, கேமரா எல்லாத்தையும் அணைச்சு, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். உங்க ஆளு வந்தாருன்னா, அந்தப் பொம்மையையே காட்டிச் சமாளிச்சுடுங்க!"