விழாதவர்கள் இல்லம்

கோழஞ்சேரியில் ஆற்றோரமாக இருந்த 'சாந்திதீரம்' முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அரசு உடனே விழித்துக்கொண்டது. வீழ்ச்சித் தடுப்பு மண்டல அலுவலர் பவித்ரன் நேரில் வந்து, வழவழவென்றிருந்த தரையைப் பார்வையிட்டார். பார்வையிடும்போதே அவருக்கும் கால் வழுக்கி, சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது ஆய்வறிக்கையில் ஏறவில்லை.

"டைல்ஸை மாத்திடலாமா சார்?" என்று கேட்டாள் மேலாளர் சோசாம்மா.

"அதுக்கு நிதி ஒதுக்கீடு இல்லம்மா. யாரும் நடக்கக்கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விட்டா, காசா பணமா?"

இதில் மாட்டிக்கொண்டவர் ஈப்பன். அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே சுகம் காலை நடை. சுகுமாரன் கடைக்குப் போய் ஒரு சாயா குடித்து, எல்லாக் கட்சியையும் பாரபட்சமில்லாமல் திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

"மலை ரோட்டுல ஓடுற பஸ்ல நாள் முழுக்க நின்னவன் சாரே நான். ஒரு தடவகூட விழுந்ததில்ல" என்றார்.

"அதான் அச்சாயா எனக்குப் பயமே" என்றார் பவித்ரன். "உங்களுக்கு விழுந்து பழக்கமில்ல. புதுசா விழறவங்களுக்குத்தான் அடி பலமாப் படும்."

நடை தடைசெய்யப்பட்டது. நிற்பது என்பது நடப்பதற்கான முன்னேற்பாடு என்று துறை கண்டறிந்ததும் அதுவும் தடைசெய்யப்பட்டது. இடையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அது வீழ்ச்சி அன்று, 'திட்டமிடாத இறக்கம்' என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது. உடற்பயிற்சிக்கும் குறை வைக்கவில்லை. கொச்சியில் இப்போது இதுதான் நாகரிகம் என்று சொல்லி ஒரு பெரிய டி.வி. வாங்கினார்கள். அதில் ஆற்றங்கரைப் பாதை ஓடும். பெரியவர்கள் உட்கார்ந்தபடியே கையை வீச வேண்டும். இதற்கு 'உட்கார்நடை' என்று பெயர்.

ஈப்பன் கனடாவிலிருந்த மகள் லிசியிடம் வீடியோவில் முறையிட்டார்.

"கால் மரத்துப் போகுது மோளே. நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க."

"அப்பச்சா, நீங்க எங்கயாவது விழுந்து வச்சா எனக்கு லீவு கிடைக்காது. எனக்காக உட்கார்ந்திருங்களேன்."

ஈப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கேட்டது மகள். உட்கார்ந்தார்.

அந்த வருடம் 'வீழ்ச்சியில்லா இல்லம்' விருது சாந்திதீரத்துக்கே கிடைத்தது. முன்மாதிரி முதியவராக மேடைக்கு வரச் சொல்லி ஈப்பனை அழைத்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தார். கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்தார்கள்.

"ஒரு சிராய்ப்பு உண்டா இவர் உடம்பில்?" என்று பவித்ரன் தழுதழுத்தார். சபை கைதட்டியது. லிசி அந்த மேடைப் படத்தைப் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பூரித்தாள்.

அடுத்த வாரமே பவித்ரன் மறுபடியும் வந்தார்.

"இந்த இல்லத்துக்கு உரிமமே சொந்தக் கால்ல நடக்கிறவங்களை வச்சுக்கத்தான். நடக்க முடியாதவங்களை வச்சிருக்கிறது விதிமீறல். எல்லாரையும் படுக்கை நோயாளிகள் விடுதிக்கு மாத்தணும்."

"எங்களை நடக்க விடாதது நீங்கதானே சாரே?" என்றார் ஈப்பன்.

"அது வீழ்ச்சித் தடுப்புப் பிரிவு, அச்சாயா. இப்ப நான் உரிமப் பிரிவைக் கூடுதல் பொறுப்பாப் பாக்கறேன். அதைப் பத்தி நான் பேசக்கூடாது."

ஈப்பனை ஸ்ட்ரெச்சரில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் விறுவிறுவென்று இறங்கினார். பின்னாலேயே மகள் பெட்டியோடு இறங்கினாள்.

"லிசிதான் சொன்னா, அப்பா. இங்க ஒருத்தர்கூட விழுந்ததே இல்லியாம். இதே மாதிரி நீங்களே நடந்து உள்ள போங்க. நடக்கிறவங்களைத்தான் சேத்துக்குவாங்களாம்."