முன் அறை வாடகை

எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது. கடையில் ஆள் இல்லையென்று நினைத்து, வாசலில் நின்று நான்கு தரம் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. நான் நான்கு தரமும் பதில் சொல்லித்தான் இருந்தேன்.

அப்படிப்பட்ட நான் பங்குனி மாதம் ஒருநாள் மேசையில் ஓங்கி அடித்துச் சொன்னேன்:

"வாற வருசம் ஒரு சதம் வரி கட்ட மாட்டன்!"

மேசையில் இருந்த ஸ்க்ரூ எல்லாம் உருண்டு கீழே விழுந்தது. பொறுக்கி முடியப் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

கல்முனைக்குடியில் என் கடை. பேன், பிளெண்டர், ரைஸ் குக்கர் திருத்துவேன். கடை என்றால் தனிக் கட்டடம் இல்லை. என் மனைவி முஸ்பிறாவின் வீட்டு முன் அறை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. சீதனமாக அவள் பெயரில் எழுதி, சாவியையும் அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு குடிவருவார். நான் மேலதிகமாக ஒரு சோல்டரிங் அயனும் கொண்டுவந்தேன்.

அன்றைக்குக் காலையில் எங்கள் கணக்காளர் முபீன் காக்கா போன் எடுத்திருந்தார். என் வருட லாபம் வரி தொடங்கும் கோட்டைத் தாண்டி இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் போய்விட்டதாம். கட்டவேண்டிய வரி பதின்மூவாயிரத்து எண்ணூறு. அந்தக் காசை நான் வாங்கப்போகிற மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் என்று மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன்.

பொய்க் கணக்கு எழுதுகிற ஆள் இல்லை நான். அதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தால்?

"மோட்டர் சைக்கிள் இரிக்கட்டும்," என்றாள் முஸ்பிறா. "என்ட குசினிக் கூரை எப்ப செய்ற? போன மாரிக்கு மூணு பேசின் வெச்சன். அடுப்பில கொதிக்கிற ஆணத்துக்குத் தண்ணி ஊத்துற வேலையே இல்ல. அல்லாஹ் மேலருந்து ஊத்தினான்."

"ஏவாரம் டல் புள்ள."

"டல்லான ஏவாரத்துக்கா மச்சான் வரி வந்த?"

நான் ஒரு ஸ்க்ரூவைத் தேடுவதுபோல் மேசைக்குக் கீழே குனிந்தேன்.

ஒரு கிழமை போனது. அவள் கூரையைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எட்டாம் நாள் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "முபீன் காக்காட்டயே ஒருக்கா வழி கேட்டுப் பாருங்களன், மச்சான்."

எவ்வளவு நல்ல மனசு! உடனே போனேன்.

"கடைக்கு வாடகை குடுக்கிறயா தம்பி?" என்று கேட்டார் முபீன் காக்கா.

"அது பொஞ்சாதிட ஊடு, காக்கா."

"அவட பேர்லதானே? அப்ப குடு. மாசம் இருபதாயிரம். வருசத்துக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அது கடைச் செலவு. லாபத்தில கழியும். கோட்டுக்குக் கீழ வந்திருவாய்."

எனக்குத் தலை சுற்றியது. சந்தோசத்தில்.

"ஒன்டு சொல்றன் கேளு. காசு மெய்யாவே அவட பேங்க் கணக்குக்குப் போகணும். மாசாமாசம் ஸ்லிப் வேணும். சும்மா பேப்பர்ல காட்டுற வேலைக்கு என்னைக் கூப்பிடாத."

போகட்டுமே. ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை. இன்றைக்குப் போட்டு நாளைக்கு வாங்கிக்கொள்வதுதானே! இதை மட்டும் நான் முபீன் காக்காவிடம் சொல்லவில்லை.

தேத்தண்ணி வந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் அவர் மேசை லாச்சியை இழுத்து வாடகை ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டார். இரண்டு பக்கம். பெயர், விலாசம், ஏழு நிபந்தனை, எல்லாம் டைப் செய்து தயார். என்ன வேகம்! படித்த மனிதர் படித்தவர்தான். ஐயாயிரம் ரூபா கூலி கொடுத்துப் பில்லையும் வாங்கிக்கொண்டேன்.

முஸ்பிறா ஒப்பந்தத்தை வாசித்தாள். "இருபதாயிரமா? கொஞ்சம் குறைவுதான். சரி, உங்களுக்காக," என்று கையெழுத்து வைத்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டும் வேறு வேறு சிரிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் முதலாம் திகதி பணம் போட்டேன். இரண்டாம் திகதி குசினி வாசலில் போய் நின்றேன்.

"புள்ள, அந்த இருபதாயிரத்த எடுத்துத் தா."

"எந்த இருபதாயிரம்?"

"நேத்துப் போட்ட."

"அது வாடகை, மச்சான்."

"வாடகைதான். திருப்பித் தா."

"எந்த ஊட்டுக்காரர் வாடகையத் திருப்பிக் குடுத்த?"

"நாம புரிசன் பொஞ்சாதி புள்ள!"

"உள் அறையில ஓம். முன் அறையில நீங்க வாடகைக்காரர்." வெங்காயத்தை நிறுத்தாமல் அரிந்தாள். "திருப்பித் தந்தா அது பொய்க் கணக்கு. அரசாங்கத்த ஏமாத்துற. நாளைக்கு மறுமையில உங்களோட சேர்ந்து நானும் பதில் சொல்லோணும். சொல்லுங்க, எடுத்துத் தரட்டா?"

நான் கடைக்குப் போய் ஒரு பேனைக் கழற்றினேன். நல்ல பேன். அதில் பழுதே இல்லை.

அடுத்த மாதம் ஒரு தந்திரம் செய்தேன். வாடகையைப் போடாமல் சும்மா இருந்தேன். ஏழாம் திகதி போனில் செய்தி வந்தது. அனுப்பியவள் பத்தடி தூரத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

'நிபந்தனை நான்கின்படி, ஐந்தாம் திகதிக்குப் பிந்தினால் நாளொன்றுக்கு நூறு ரூபா.'

"முஸ்பிறா, ஒரு தேத்தண்ணி," என்றேன், பேச்சை மாற்ற.

தேத்தண்ணி வந்தது. "இருநூறு," என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. கட்டினேன்.

செப்டம்பரில் ஆதம்பாவா மேசன் ஏணியும் புதுக் கூரைச் சீட்டுகளுமாக வந்து இறங்கினார். மூன்று நாள் வேலை. நான் ஒரு ரூபா கொடுக்கவில்லை என்று ஊருக்கே சொல்லலாம். ஆனால் யாருடைய ரூபா என்று எனக்குத் தெரியும். மாரி தொடங்கியது. கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை இரவு முழுக்க அடித்தது. குசினிக்குள் ஒரு சொட்டு இல்லை. மூன்று பேசினும் சுவரில் சாய்ந்து சும்மா நின்றன. ஆணமும் தடிப்பாக இருந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், அப்படியொரு ஆணம் அந்த வீட்டில் மாரி காலத்தில் நான் சாப்பிட்டதில்லை.

வரி வருடம் முடிந்தது. சபதம் நிறைவேறியது. ஒரு சதம் வரி இல்லை. பதின்மூவாயிரத்து எண்ணூறைக் காப்பாற்ற இரண்டு இலட்சத்து நாற்பதாயிரமும் பிந்திய கட்டணம் இருநூறும்தான் செலவு.

முபீன் காக்கா இருவருடைய பேப்பர்களையும் கேட்டிருந்தார். பாயில் உட்கார்ந்து அடுக்கினோம். என்னுடையவை ஒரு ரைஸ் குக்கர் பெட்டிக்குள் கசங்கிக் கிடந்தன. அவளிடம் நீலக் கோப்பு. திகதி வாரியாக ஸ்லிப்புகள், மேசனின் பில், கூரைச் சீட்டுக் கடைப் பில். எல்லாவற்றுக்கும் அடியில் முபீன் காக்காவின் கையெழுத்தோடு ஒரு பில்.

'வாடகை ஒப்பந்தம் எழுதிய கூலி. செலுத்தியவர்: முஸ்பிறா.'

திகதியைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். நான் வழி கேட்டுப் போனதற்கு நான்கு நாள் முந்திய திகதி.

"இது என்ன புள்ள?"

அவள் நிமிரவே இல்லை. "அது ஊட்டுக்காரிட செலவு, மச்சான். நீங்க உங்கட பில்ல எடுங்க."

பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். அதே ஒப்பந்தம். அவளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. எனக்கு ஐயாயிரம்.