பொல்லேயின் மீதி எழுத்துகள்

தட்டிய இடத்தில்தான் எழுத்து விழவேண்டும், மனித நாகரிகத்தின் அஸ்திவாரமே அதுதான் என்பது டோர்னியின் கொள்கை. அவன் எழுதிய சாப்ட்வேரில், உமியோ விலங்கு மருத்துவமனையின் வரவேற்பாளர் குனெல் அம்மாள் தட்டியதில் பெரும்பகுதி எங்குமே விழவில்லை.

"தம்பி, பொல்லேன்னு பேர், எடை, நோய் எல்லாம் அடிச்சேன். 'பொ'வோட நிக்குது. நாய்க்கு இவ்வளவுதான் பேரா?"

"கொஞ்சம் மெதுவா அடிங்க குனெல்" என்றான் பழுது பார்க்க வந்திருந்த டோர்னி.

"உன் வயசு என் விரலுக்கு!"

மூன்று மணிக் காபிக்கு அவன் அலுவலகத்தில் டோர்னிக்காகப் பாதாம் பூச்சுப் போட்ட பச்சைக் கேக் காத்திருந்தது. போன மாதம் இதே சாப்ட்வேரில் அவன் சேர்த்த கருத்துக்கேட்பு ஜன்னல், வேலைக்கு இடைஞ்சலின்றி எல்லாவற்றுக்கும் பின்னால் அடக்கமாகத் தானே திறந்து, பதிலுக்குக் காத்து நிற்கும். அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள்! கம்பெனியின் சரித்திரத்திலேயே இல்லாதது; அதைக் கொண்டாடத்தான் கேக். மூன்று மணிக்குள் கோளாறு தீராவிட்டால் காகிதத்துக்கே திரும்பிவிடுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

நிரல் எழுதும் எங்கள் இனத்தின் குணம் அது: ஓட்டையை அடைக்கச் சொன்னால் சுவரை நகர்த்துவோம்.

கர்சர் எங்கே ஓடினாலும் நொடிக்கொரு தரம் பெயர்க் கட்டத்துக்கே இழுத்து வரும்படி செய்தான். இப்போது எடை, நோய், தொலைபேசி எண் எல்லாம் பெயரிலேயே போய் உட்கார்ந்தன.

"'பொல்லே பதினாலு கிலோ உண்ணிக்கடி'" என்று படித்தாள் குனெல். "பேரா, பட்டமா?"

பொல்லேயோடு காத்திருந்த நாய்க்காரர் சிரிக்கவில்லை.

கட்டம் சரியாக நிரம்பும்வரை கர்சர் வெளியேறக் கூடாது என்று அடுத்த சட்டம் போட்டான். எது சரி என்று சொல்ல மறந்துவிட்டான். கர்சர் அங்கேயே குடியேறியது. சாப்ட்வேரை மூடக்கூட வழியில்லை. குனெல் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இது வேலை செய்யுது" என்றாள்.

மருத்துவர் காகிதக் கட்டோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து டோர்னியின் போன் அடித்தது. அலுவலகத்தில் வாழ்த்துரை தயாரிக்கும் மைக்கன்.

"கேக் வந்தாச்சுப்பா. எங்கே இருக்கே?"

"ஒரு சின்ன வேலை. பதில்லேர்ந்து ரெண்டு வரி படிப்பியாமே?" அவன் போனை மருத்துவருக்கும் கேட்கும்படி வைத்தான். "இங்கேயே படியேன், வாடிக்கையாளரும் கேட்கட்டும்."

"அதுதான் குழப்பம். இவ்வளவு நாள் எண்ணினதோட சரி, இன்னிக்குத்தான் படிச்சேன். எதைப் போடட்டும்? 'பூனை, மூணு நாளா வெளிக்குப் போகலை'யா, இல்லே காலையில புதுசா வந்த 'ல்லே, பதினாலு கிலோ, உண்ணிக்கடி'யா?"