மாமியாரைத் தாங்காத ஜெனரேட்டர்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதென்று முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

எங்கள் தெருவில் கேபிள் மாற்றுகிறார்கள். ஒரு மாதத்துக்குக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் கிடையாது. அதே ஒரு மாதத்துக்கு மாமியாரும் வருகிறார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். போன முறை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று பதினோரு நாள் கேட்டார். ஆனால் ஏசி இல்லாத அறையில் அரை நாள்கூட இருக்க மாட்டார்.

"ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அம்மா ரூம்ல ஏசி ஓடணும்," என்றாள் மனைவி.

"நான் பார்த்துக்கறேன்."

"அதுதான் பயமா இருக்கு."

புதன்கிழமை ஜெனரேட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். கணக்குப் போட்டார். வீட்டில் எல்லாம் சேர்ந்து ஓடினால் இரண்டாயிரத்து அறுநூறு வாட்.

"ஆனா சார், ஏசி ஓடறதுக்கு ஆயிரத்து இருநூறு போதும். கிளம்பும்போது மூணு பங்கு இழுக்கும். ஒரு நொடிதான். அதைத் தாங்கலைன்னா ஜெனரேட்டர் படுத்துடும். ஏழரை கே.வி.ஏ. எடுத்துக்குங்க."

"ஏழரை வெள்ளிக்கிழமை ரயில்ல வருது. அஞ்சு குடுங்க."

"அஞ்சு கே.வி.ஏ.ன்னா நாலாயிரம் வாட்தான் தரும். மத்ததெல்லாம் ஓடும்போது ஏசியைப் போட்டா நின்னுடும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அதையே குடுங்க."

தன் சலவைக்கடையிலிருந்து திரும்பிய மனைவியிடம் கூட்டல் கணக்கை மட்டும் காட்டினேன். "தேவை ரெண்டாயிரத்து அறுநூறு. இது நாலாயிரம்." ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தலையாட்டினாள்.

சனிக்கிழமை பத்து மணி. மின்சாரம் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பினேன். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடின. அத்தை ஏசியைப் போட்டார். ஜெனரேட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது.

"அடடா!" என்றேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அத்தை பெட்டியை எடுத்தார். "உன் தம்பி வீட்டுக்கே போறேன்டி."

"ஆட்டோ கூப்பிடட்டுமா அத்தை?"

"நீங்க சும்மா இருங்க. அம்மா, பெட்டியைக் கீழ வை," என்றாள் மனைவி.

வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சையும் அணைத்தாள். "இப்ப கிளப்புங்க."

கிளப்பினேன். ஏசியை மட்டும் போட்டாள். ஜெனரேட்டர் திணறியது, நிமிர்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து மோட்டார். பிறகு ஃபிரிட்ஜ். பிறகு விளக்குகள். சனியன், ஒன்றுகூட நிற்கவில்லை.

"பெருசை முதல்ல கிளப்பணும். என் சலவைக்கடையில நாலு மெஷினை ஒரு ஜெனரேட்டர்ல வேற எப்படி ஓட்டறேன்னு நினைச்சீங்க?"

பதினெட்டு வருஷத்தில் அதை நான் நினைத்ததே இல்லை.

மதியம் சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்று, அம்மா ஏசி. இரண்டு, மோட்டார். மூன்று, ஃபிரிட்ஜ். நான்கு, விளக்குகள். ஐந்து, அவர் ரூம் ஃபேன்: சாயந்திரம் கரண்ட் வந்த பிறகு.

"என் ஃபேன் வெறும் அறுபது வாட். அதைத் தாங்காதா?"

"தாராளமா தாங்கும்."

"அப்புறம் ஏன்?"

"நீங்க வாங்கின கடைதான் எங்க கடை ஜெனரேட்டருக்கும் சர்வீஸ். கடைக்காரர் புதன்கிழமையே எனக்கு போன் பண்ணிட்டார்."