அடுத்த வரி வாத்தியார்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் தப்பில்லாமல் எழுதினால் தலையில் கை வைத்துக்கொள்கிற வாத்தியார் அத்தனையிலும் சேர்த்து இவர் ஒருத்தர்தான்.

அவர் தமிழ் நடத்தினார். நான் அங்கே வாட்ச்மேன். வருஷக்கணக்காகக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் உட்கார்ந்து படித்தவனில்லை. அதனாலேயே அவருக்கு என்னைப் பிடிக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டுரை நோட்டுகளை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார். பாதி வரி வாசித்து நிறுத்துவார்.

“நாட்டின் முதுகெலும்பு...”

“விவசாயி சார்.”

“ஆகவே மாணவர்களாகிய நாம்...”

“இன்றே உறுதி ஏற்போம்.”

“பாத்தீங்களாண்ணே? கேட்டுல ஒக்காந்திருக்கற உங்களுக்கே தெரியுது. இத எதுக்கு ஒரு புள்ள கை வலிக்க எழுதணும்?” என்பார். பிறகு பத்துக்கு எட்டு போடுவார். “தப்பே இல்லண்ணே. அதான் வயித்தெரிச்சல்.”

பிள்ளைகள் அவருக்கு அடுத்த வரி வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேர் எனக்கே மறந்துபோனது.

வெளியிலும் இதே வேலைதான். ஒரு முறை கீழப்பழுவூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே போட்ட கத்திரிக்காய்க் குழம்பைப் பற்றியே தனியாக எழுதலாம், அது கிடக்கட்டும். மைக்கில் ஒருத்தர் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தார். “மணமக்கள் நகமும்” என்று அவர் ஆரம்பிக்க, “சதையும் போல” என்று இவர் கீழேயிருந்து முடித்தார். “பதினாறும்” என்றார் அவர். “பெற்று” என்றார் இவர். மைக்கில் பேசியவர் வேர்த்துப் போனார். பெண்ணின் மாமா ஓடி வந்து, “சாரு பசியில இருக்காருப்பா, மொத பந்தியில ஒக்கார வைங்க” என்று இழுத்துக்கொண்டு போனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பு சாலைப் பாதுகாப்பு. பள்ளிக்கூடத்துத் தாளாளர் வாத்தியாரைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

“கட்டுரைக்குன்னு வாரத்துல ஒரு பீரியடு வீணாப் போவுது சார். இந்தத் தடவ பிரைஸ் வரலன்னா அதைக் கணக்குக்குக் குடுத்துருவேன்.”

வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. அந்த ஒரு பீரியடுக்காகத்தான் மனுஷன் வாரம் பூராவும் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார்.

எட்டாம் வகுப்பு அபிநயா எழுதியதுதான் இருப்பதில் நல்ல கட்டுரை. ஹெல்மெட், சிக்னல், வேகத்தடை எல்லாம் வரிசையாக இருந்தன. வாத்தியார் பாதிப் பாதியாக வாசிக்க, நான் மீதியைச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பிள்ளையைக் கூப்பிட்டார்.

“உங்கப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாருல்ல? அவரு ஏம்மா இதுல வரல?”

“அது கட்டுரையில வராது சார். அது வூட்டு விஷயம்.”

“வூட்டு விஷயத்தத்தான் கேக்குறேன். எழுதிட்டு வா, போ.”

மறுநாள் எழுதி வந்தாள். ஹெல்மெட்டும் சிக்னலும் அப்படியே இருந்தன. ஆனால் ஆரம்பத்தில், “எங்கப்பா தூங்கும்போது...” என்று வாசித்து வாத்தியார் நிறுத்தினார். நான் யோசித்தேன். “குறட்டை விடுவாரா சார்?”

“‘தூங்கும்போது வலது காலை அமுக்குவார். யாரோ குறுக்கே வந்துட்டாங்க, பிரேக் பிடிக்கிறார் என்பாள் அம்மா. அவர் கால் தளரும்வரை நாங்கள் யாரும் அசைய மாட்டோம்.’”

வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

“விதியெல்லாம் அதேதாண்ணே. ஒரு காலு உள்ள வந்துச்சு. எல்லாத்துக்கும் உசுரு வந்துருச்சு.”

பத்துக்குப் பத்து போட்டார். நான் பார்த்து அவர் போட்ட ஒரே பத்து அதுதான்.

அரியலூரில் முடிவு சொன்னார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். அபிநயாவுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. சொந்தக் கதை எழுதிவிட்டாள், தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்றார்கள். முதல் பரிசுக் கட்டுரையை மேடையில் வாசித்தபோது, வாசித்த பையனைவிட நான் வாய்க்குள் ஒரு வரி முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை கேட்டது.

“சார், அப்பா கால எடுத்துட்டு எழுதியிருந்தா கெடச்சிருக்குமா?”

பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். “கெடச்சிருக்கும்மா” என்றார்.

அடுத்த வாரமே கட்டுரை பீரியடு கணக்குக்குப் போனது. வகுப்பு இல்லாத அந்த நேரத்தில் வாத்தியார் கேட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

“அந்தப் புள்ளையோடது. இன்னொரு தடவ வாசிக்கட்டாண்ணே?”

அவர் ஆரம்பித்த நேரம் பார்த்துத் தாளாளர் கார் பூட்டின கேட்டுக்கு வெளியே வந்து நின்று ஹாரன் அடித்தது. வாத்தியார் தாளை மடிக்கப் போனார். கேட்டுச் சாவி என் மடியில் கிடந்தது.

“அவரு நிப்பாரு சார். நீங்க வாசிங்க” என்றேன்.